ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் தம்பி கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறான். ஸ்பேனர் அவன் கையில். ஃபோன், பில், சாவி மூன்றும் என் கையில். 14 வருஷமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் தொழில் படித்துவிட்டு அம்பாசமுத்திரம், ஆலங்குளம், வள்ளியூர் என்று தனியாகக் கடை போட்ட பையன்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுவார்கள். இன்ஜின் சந்தேகம் என்றால் ஃபோன் தம்பிக்குப் போகும். ஆள் வரவில்லை, வந்த ஆள் திரும்பவில்லை, காசு நிற்கிறது என்றால் எனக்கு வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, கடை போட்டு மூணு மாசம் ஆச்சு. வேலை நல்லாத்தான் பாக்கேன். ஆளே வர மாட்டேங்காவளே?

நீங்கள் நல்ல வேலைக்காரர் என்பது வண்டியை விட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். விடாதவருக்குத் தெரிவது உங்கள் போர்டும் வாசலும்தான். போர்டில் ‘ஆல் ஒர்க்ஸ்’ என்று போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. கார் மட்டுமா, லோடு ஆட்டோவும் பார்ப்பீர்களா, ஏசி உண்டா, டிங்கரிங் உண்டா, ஞாயிறு திறப்பீர்களா? இதையும் ஃபோன் நம்பரையும் ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்தாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள்.

அடுத்து, ‘நல்ல மெக்கானிக் யாருப்பா இருக்கா’ என்று ஜனங்கள் யாரிடம் கேட்கிறார்களோ அவர்களைப் போய்ப் பாருங்கள். டயர் கடை, ஸ்பேர் கடை, லேத், வாட்டர் சர்வீஸ், வேன் ஸ்டாண்டு. ஒரு நாள் சாயங்காலம் போய் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தால் போதும். கமிஷன் மட்டும் பேசாதீர்கள். அந்தக் காசு கடைசியில் வண்டிக்காரர் பில்லில்தான் ஏறும், அது அவருக்கு ஒரு நாள் தெரிந்துவிடும்.

கூகுள் மேப்ல கடையப் போடணும்னு சொல்லுதாவ. அதுக்கு எம்புட்டுத் துட்டு ஆகும்?

ஒரு பைசா ஆகாது. ‘முதல் இடத்தில் கொண்டு வருகிறோம், வருஷத்துக்கு இவ்வளவு கட்டுங்கள்’ என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடைப் பெயரைப் போர்டில் உள்ளபடியே கொடுத்து, இடத்தைக் குறிக்கும் புள்ளி வாசலுக்கு நேராக விழுகிறதா என்று பாருங்கள். நான்கு வழிச்சாலையில் இது முக்கியம். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் வண்டி நின்றுபோன வெளியூர்க்காரர் மேப்பைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்தால் அவர் யூ-டர்ன் தேடி அலைய வேண்டியிருக்கும்.

திறக்கும் நேரத்தைச் சரியாக வையுங்கள். கோயில் கொடைக்கு, கல்யாணத்துக்கு என்று கடை பூட்டினால் அன்றைக்கு ‘மூடியிருக்கும்’ என்று மாற்றிவிட்டுப் போங்கள். பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆள் இன்னொரு முறை வருவது அபூர்வம்.

வாட்ஸப்ல தினமும் குட்மார்னிங் படம், ஆஃபர் எல்லாம் அனுப்பலாமா?

வேண்டாம். நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள், பிறகு வண்டி ரெடி என்று நீங்கள் அனுப்பும் செய்தியும் போகாது. வாட்ஸப் பிசினஸ் ஆப்பைப் போட்டு, வண்டி நம்பரோடு பெயரைச் சேமியுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். சாவி கொடுக்கும்போதே ‘நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

நான் வருஷத்துக்கு மூன்று முறைதான் அனுப்புகிறேன். குற்றால சீசனுக்கு முன்னால் ஒன்று. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கார்த்திகை பிறக்கும் முன் ஒன்று. இந்தக் கார்த்திகைச் செய்திதான் அதிக வண்டியைக் கொண்டுவரும். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலை போகிற வேன், மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். பழைய ஆயில் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ‘பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா? மலைக்குப் போகும் முன் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.’ என் செய்தி அவ்வளவுதான். அதில் தள்ளுபடி எதுவும் கிடையாது.

ஃபோன்ல ‘எவ்வளவு ஆகும்’னு கேக்காவ. வண்டியப் பாக்காம என்னத்தச் சொல்ல?

கேள்வி இரண்டு வகை. ஆயில் சர்வீஸ், பிரேக் பேட், ஃபில்டர் மாதிரி தெரிந்த வேலை என்றால் அந்த மாடலுக்கு என்ன விலை என்று சொல்லிவிடுங்கள். ‘நேர்ல வாங்க, பாத்துக்கலாம்’ என்றால் ஏமாற்றப் போகிறோம் என்றுதான் அவர் காதில் விழும்.

சத்தம் வருது, இழுவை இல்லை, ஹீட் ஆகுது என்றால் விலை சொல்லக் கூடாது. பார்த்துச் சொல்ல என்ன கட்டணம் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டு, ஓட்டிப் பார்த்து, காரணத்தைச் சொல்ல இவ்வளவு. வேலையை எங்களிடமே கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவோம், கொடுக்காவிட்டாலும் காரணத்தை எழுதித் தருவோம். இப்படிச் சொல்லும்போது பாதிப் பேர் அப்போதே எப்போது வரலாம் என்று கேட்டுவிடுவார்கள்.

எஸ்டிமேட் 4,000 சொன்னேன். பிரிச்சுப் பாத்தா 9,000 ஆவும்போல. மாத்திட்டுச் சொல்லவா, சொல்லிட்டு மாத்தவா?

சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடை போட்ட இரண்டாவது வருஷம், ஒரு டீச்சரின் கார் கிளட்ச் வேலைக்கு வந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் ஃப்ளைவீலும் தேய்ந்திருந்தது. அவர் வகுப்பில் இருந்தார், ஃபோன் எடுக்கவில்லை. சாயங்காலம் வண்டி வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மாற்றிவிட்டோம். தேவையான வேலைதான். விலையும் நியாயம்தான். அவர் பில்லைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தபோது நானே கேட்டேன். ‘வேலையில குறை இல்லம்மா. எங்கிட்ட கேக்காமச் செஞ்சுட்டீங்க, அதான்’ என்றார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஜனங்கள் தொகைக்கு அவ்வளவு பயப்படுவதில்லை. தன் வண்டியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

இப்போது எங்கள் கடையில் இதுதான் வழக்கம். புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலை அங்கேயே நிற்கும். தேய்ந்த சாமானைப் பக்கத்தில் விரல் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்புவோம். பிறகு கூப்பிட்டு மூன்றே விஷயம்: என்ன கெட்டிருக்கிறது, மாற்றாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம். மூன்றாவதைச் சொல்ல நம் பையன்களுக்கு மனம் வராது, வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். ஆனால் ‘இந்த புஷ் இன்னும் ஆறு மாசம் தாங்கும், அவசரமில்லை’ என்று சொன்ன கடைக்குத்தான் ஆறு மாசம் கழித்து அந்த வண்டி வரும். அவர் ‘சரி’ என்று வாட்ஸப்பில் அனுப்பிய பிறகே ஸ்பேனரை எடுப்போம். ஃபோன் எடுக்கவில்லையா, வண்டி அன்று தயாராகாது. தாமதத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் கோபத்தில் திட்டியவர்கள் திரும்பி வந்தார்கள்.

பழைய பார்ட்ஸ் எல்லாம் காட்டணுமா?

காட்ட வேண்டும். புது சாமான் வந்த டப்பாவிலேயே பழையதைப் போட்டு டிக்கியில் வையுங்கள், வேண்டாம் என்றால் அவரே சொல்லுவார். டப்பாவில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அது சட்டம். உங்கள் உழைப்புக்கு உண்டானதை லேபரில் வெளிப்படையாகப் போடுங்கள்.

ஸ்பேரை அவங்களே வாங்கிட்டு வந்து ‘மாட்டிக் குடு’ன்னா?

மாட்டிக் கொடுக்கலாம். ‘சாமான் வாடிக்கையாளருடையது, மாட்டிய வேலைக்கு மட்டும் எங்கள் பொறுப்பு’ என்று ஜாப் கார்டில், அதாவது வண்டி உள்ளே வரும்போது வேலையைக் குறித்து வைக்கும் அட்டையில், எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட சாமான் போலி மாதிரித் தெரிந்தால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸ விட்டு வெளிய விட்டா வாரண்டி போயிரும்னு பயப்படுதாவ. என்ன பதில் சொல்ல?

உள்ளதைச் சொல்லுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ் கோளாறு என்றால் ‘ஷோரூமுக்குப் போங்க, அங்க இலவசமா முடியும்’ என்று நாங்களே அனுப்பிவிடுகிறோம். அந்தப் பேச்சுக்காகவே வாரண்டி முடிந்த மாசம் இங்கே வந்தவர்கள் உண்டு.

வெளியில் விட்டாலே வாரண்டி ரத்து என்று பொதுப்படையாகச் சொல்வது சரியா என்ற கேள்விக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதில் சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டு, தனி ஒர்க்‌ஷாப்களுக்கு ஸ்பேர் கிடைப்பதைத் தடுக்கக் கூடாது, வெளியில் பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. நம் வரைக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போட்ட ஆயிலின் கிரேடு, ஃபில்டர், தேதி, கிலோமீட்டர் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். நாளைக்கு அவர் எங்கே போய் நின்றாலும் அந்தக் காகிதம் பேசும்.

பில் கேட்டா ஜிஎஸ்டி போடணுமே. கேக்காதவங்களுக்குத் துண்டுச்சீட்டு போதாதா?

போதாது. வேலையும் சாமானும் சேர்ந்து வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆனால் பில் என்பது வேறு. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பில் கொடுக்க வேண்டும். கொடுக்காததையே முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் பில்லில் ஸ்பேர் தனி, லேபர் தனி, கீழே ‘அடுத்து கவனிக்க வேண்டியது’ என்று ஒரு வரி.

கடன் சொல்லுதவங்கள எப்படிச் சமாளிக்க? ஊர்க்காரவுக, சொந்தக்காரவுக வேற.

‘பிசானம் அறுத்ததும் தாரேன் தாயி’ என்கிற விவசாயி பொய் சொல்வதில்லை. அந்தப் போக நெல் அறுப்பு முடிந்தால்தான் அவர் கைக்குக் காசு வரும். வாழை போட்டவர் தார் வெட்டியதும் தருவார். இந்த ஊரில் கடனே கிடையாது என்று போர்டு மாட்டினால் பாதி லோடு ஆட்டோ உள்ளே வராது.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: ஸ்பேர் காசை முன்னாலேயே வாங்கிவிடுவேன், லேபரை மட்டும்தான் கடனாக விடுவேன். ஸ்பேர் கடைக்காரருக்கு நாம் அன்றைக்கே கொடுக்க வேண்டும், அவருக்கு பிசானம் தெரியாது. கடன் நோட்டில் தேதியை அவர் வாயாலேயே கேட்டு அவர் கண் முன்னால் எழுதுவேன். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு ஃபோன். பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் இல்லை. சித்தப்பா மகனுக்கும் இதே நோட்டுதான். இதில் சலுகை காட்டினால் மற்றவர்களிடம் வாய் திறக்க முடியாது.

துட்டு தராம வண்டியக் கேட்டா, பிடிச்சு வச்சுக்கலாமா?

அந்த வேலைக்கு உண்டான கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உழைப்போ திறமையோ செலவழித்து ஒரு பொருளைச் சரிசெய்தவர், அதற்கான கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளை வைத்திருக்கலாம்.

பையன்கள் தவறுவது இரண்டு இடத்தில். போன வருஷத்துப் பாக்கிக்காக இந்த வருஷம் வந்த வண்டியைப் பிடிக்க முடியாது, இன்று செய்த வேலைக்கு மட்டும்தான் அந்த உரிமை. சாவியைக் கொடுத்து வண்டியை வெளியே விட்டுவிட்டால் உரிமையும் அதோடு போய்விடும். ரோட்டில் மறித்துப் பிடுங்கினால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும். அவர் சம்மதிக்காத வேலைக்கு இந்த உரிமையை நம்பாதீர்கள். 9,000 ரூபாய்க் கேள்விக்குச் சொன்னபடி ‘சரி’ என்ற செய்தியை வாங்கியிருந்தால்தான் கூலி என்று நிமிர்ந்து கேட்க முடியும்.

நம்மகிட்ட நிக்கும்போது வண்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?

தன் சொந்த வண்டியை ஒருவர் எப்படிக் கவனிப்பாரோ அந்த அளவு கவனம் நமக்கு வேண்டும் என்று அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு சொல்கிறது. வண்டி உள்ளே வந்ததும் நான்கு பக்கமும் ஃபோட்டோ, மீட்டர், பெட்ரோல் அளவு, உள்ளே இருக்கும் சாமான். ஓட்டிப் பார்க்கும் முன் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் ரோட்டில் எடுக்காதீர்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். யார் மேலாவது மோதினால் அதைவிடப் பெரிய வினை.

வெள்ளத்துல நின்ன வண்டிக்காரங்க ஒரே நேரத்துல 30 பேர் கூப்பிட்டா என்ன செய்ய?

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது நமக்கு மறக்காது. அன்றைக்கு ஃபோனில் நான் எல்லாரிடமும் முதலில் சொன்னது: சாவியைத் திருகாதீர்கள், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்காதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே ஏறும்போது தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சும்மா நின்ற வண்டியைச் சுத்தம் பண்ணி ஆயில் மாற்றி எழுப்பிவிடலாம். திருகிப் பார்த்த வண்டிக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பேட்டரி வயரைக் கையால் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டி ஃபோட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க மாட்டோம் என்றும் சொன்னேன். நம் மாதிரிக் கடைகள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்காது. அங்கே கேஷ்லெஸ் கிடைக்காது, பில்லைக் கொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரிசையை ஒரு சார்ட் அட்டையில் எழுதி வாசலில் ஒட்டினோம். பிழைப்புக்கு ஓடும் லோடு ஆட்டோ, வேன் முதலில், வீட்டுக் கார் பிறகு. யாரும் சண்டை போடவில்லை. லேபரை ஏற்றவில்லை. அந்த வாரம் லேபர் ஏற்றியிருந்தால் இன்றைக்கு அந்தத் தெருவழியாக நான் நடந்து போக முடியாது.

பொம்பளையாளுக வண்டி கொண்டுவந்தா வீட்டு ஆம்பளைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கிடலாமா?

கூடாது. ஓட்டுகிறவருக்குத்தான் வண்டி தெரியும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், ‘நேரா போனா சத்தம் இல்ல, வளைச்சுத் திருப்பும்போது மட்டும் டக் டக்குன்னு கேக்கு’ என்றார். பையன் சிரித்துக்கொண்டு ‘சார் வரலையா’ என்று கேட்டான். தம்பி அவனை நிறுத்தி, அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அவர் சொன்ன வாக்கியத்திலேயே விடை இருந்தது. ஜாப் கார்டில் ‘சவுண்ட் செக்’ என்று எழுதாமல் அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். சுத்தமான இரண்டு நாற்காலி, குடிதண்ணீர், பூட்டுகிற கக்கூஸ் இந்த மூன்றும் கட்டாயம்.

அதே கம்ப்ளெயின்ட் திரும்பி வந்தா லேபர் வாங்கலாமா?

காரணமும் அதுவே என்றால் வாங்கக் கூடாது. காரணம் வேறு என்றால் வாங்கலாம், ஆனால் வேறு என்று காட்ட வேண்டியது நாம். போன தடவை ஹீட் ஆனதற்குத் தெர்மோஸ்டாட், இந்தத் தடவை ஹெட் கேஸ்கட் என்றால் இரண்டு சாமானையும் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். நமக்கே சந்தேகம் என்றால் லேபரை விட்டுவிடுவோம்.

கூகுள்ல ஒருத்தர் ஒத்த ஸ்டாரு போட்டுட்டாரு. முழுப் பொய்யி. நாலு பேரைப் பிடிச்சு அஞ்சு ஸ்டார் போடச் சொல்லவா?

சொல்லாதீர்கள். தள்ளுபடி தருகிறேன், ஸ்டார் போடுங்கள் என்பதும் கூகுள் விதிக்கு விரோதம். முதலில் அவரைக் கூப்பிடுங்கள். பிறகு ஒரே ஒரு பதில் எழுதுங்கள். நான் எழுதியது: ‘ஐயா, வண்டி எங்களிடம் இருந்த நாளில் நடந்ததை ஜாப் கார்டில் பார்த்தேன். இரண்டு நாள் தாமதம் எங்கள் தவறு, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மாற்றிய சாமானின் ஃபோட்டோ உங்கள் வாட்ஸப்பில் இருக்கிறது. எப்போது வந்தாலும் வண்டியைத் திரும்பப் பார்க்கிறோம்.’ அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனால் புதிதாக வந்த இரண்டு பேர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்’னு மிரட்டுதாரு. பயமா இருக்கு அக்கா.

1915 என்ற உதவி எண்ணில் அவர் புகார் சொல்லலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கும் போடலாம். தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால், வழியில் வண்டி நின்ற சென்னைக்காரர் சென்னையிலேயே போட முடியும். அதனால் அலட்சியம் வேண்டாம். ஜாப் கார்டு, உள்ளே வந்தபோது எடுத்த ஃபோட்டோ, ‘சரி’ என்ற செய்தி, பில் நான்கையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். தவறு நம்முடையது என்றால் அவர் போகும் முன்பே சரிசெய்து கொடுத்துவிடுங்கள்.

எங்கிட்ட தொழில் படிச்ச பையன் பக்கத்துத் தெருவுலயே கடை போட்டுட்டான். என் ஆளுகள இழுக்கான். என்ன செய்ய?

வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவனைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். அவர்களை அவன்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டான், அவர்களுக்கும் அவன்மேல் பாசம் இருக்கும். ஆறு மாசமாக வராத வண்டிகளை நோட்டில் பார்த்து, ‘போன தடவை எழுதிக் கொடுத்த பிரேக் ஷூ மாத்தியாச்சா?’ என்று மட்டும் கேளுங்கள். மாற்றியாச்சு என்றால் சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

எங்களுக்கும் இது நடந்தது. அந்தப் பையன் ஏசி வேலையில் கெட்டிக்காரன், எங்களிடம் வரும் ஏசி வேலையை இப்போது அவனுக்கு அனுப்புகிறோம். டீசல் பம்ப் வேலை அவனிடமிருந்து இங்கே வருகிறது. வேலை எந்தக் கடையில் நடந்ததோ பில் அந்தக் கடையின் பெயரில். கமிஷன் கிடையாது.